சேர்வது ஓரிடம், படிப்பது பல இடம்: வாசகர் கேள்வி–பதில்

பல பல்கலைக்கழகங்கள் கூடி ஒரே ஆன்லைன் முதுநிலைப் படிப்பை நடத்தும் ஏற்பாடு பற்றி வந்த கேள்விகளுக்கு இந்த இதழில் பதில் தருகிறோம். பெரும்பாலானவை அமெரிக்காவின் ‘கிரேட் ப்ளெயின்ஸ் ஐடியா’ கூட்டமைப்பைப் பற்றியவை. கேன்சஸ், நெப்ராஸ்கா, அயோவா போன்ற நடு அமெரிக்க மாநிலங்களின் அரசுப் பல்கலைக்கழகங்கள் 1990களில் தொடங்கிய கூட்டு அது. நிர்வாக அலுவலகம் கேன்சஸ் மாநிலப் பல்கலைக்கழகத்தில் இருக்கிறது. முகவரியில் மன்ஹாட்டன் என்று பார்த்துவிட்டு நியூயார்க் என்று நினைக்க வேண்டாம். கேன்சஸிலும் ஒரு மன்ஹாட்டன் உண்டு.

ஐந்தாறு பல்கலைக்கழகங்கள் சேர்ந்து பட்டம் தருகின்றன என்கிறார்களே, சான்றிதழில் அத்தனை பேரின் முத்திரையும் இருக்குமா?
— வாசகர், கோவில்பட்டி

இருக்காது. நீங்கள் எங்கே சேர்ந்தீர்களோ அந்த ஒரு பல்கலைக்கழகத்தின் பெயர் மட்டும்தான் இருக்கும்.

மூன்று ஏற்பாடுகளைப் போட்டுக் குழப்பிக்கொள்கிறோம். ஒரே சான்றிதழில் இரண்டு மூன்று பல்கலைகள் கையெழுத்திட்டால் அது கூட்டுப் பட்டம். ஒரே படிப்புக்கு இரண்டு சான்றிதழ் தந்தால் இரட்டைப் பட்டம். ஐரோப்பாவின் இராஸ்மஸ் முண்டுஸ் படிப்புகளில் இந்த இரண்டையும் பார்க்கலாம். ஆனால் அங்கே மாணவர் நாடு விட்டு நாடு போய் நேரில் படிக்க வேண்டும். கிரேட் ப்ளெயின்ஸ் வகை மூன்றாவது. பாடத்திட்டம் பொது, ஆசிரியர்கள் பொது, பட்டம் மட்டும் தனித்தனி. நெப்ராஸ்கா–லிங்கனில் சேர்ந்தவரும் அயோவா மாநிலப் பல்கலையில் சேர்ந்தவரும் ஒரே ஆன்லைன் வகுப்பில் பக்கத்துப் பக்கத்துப் பெயர்களாக இருப்பார்கள். பட்டம் வாங்கும்போது ஆளுக்கொரு பல்கலை.

இப்படி ஒரு ஏற்பாடு எதற்கு? முதியோர் நலவியல், குடும்ப நிதித் திட்டமிடல், சமூக வளர்ச்சி போன்ற துறைகளில் ஒரு பல்கலையில் இரண்டு மூன்று பேராசிரியர்கள்தான் இருப்பார்கள். 36 கிரெடிட் படிப்பு என்றால், பாடத்துக்கு 3 கிரெடிட் வீதம் 12 பாடம். இரண்டு பேர் தலையில் 12 பாடத்தைக் கட்ட முடியாது. ஆறு பல்கலைகள் கூடினால் ஆளுக்கு இரண்டு பாடம், அதுவும் அவரவர் நன்றாக அறிந்த பாடம். பேராசிரியர் பற்றாக்குறைக்குக் கண்டுபிடித்த வழி இது.

நான் எச்-4 விசாவில் இருக்கிறேன். சென்னையில் மூன்று வருட பி.எஸ்சி. முடித்தவள். முதியோர் நலவியல் முதுநிலை படிக்க ஆசை. உறுப்புப் பல்கலைகளில் எதில் விண்ணப்பிப்பது என்று தெரியவில்லை. கட்டணம் எல்லா இடத்திலும் ஒன்றுதான் என்கிறார்கள்.
— வாசகி, ஓமஹா, நெப்ராஸ்கா

எச்-4 என்பது வேலை விசாவில் வந்தவரின் குடும்பத்தினருக்கான விசா. அதில் படிக்கத் தடை இல்லை. வேலைக்குத்தான் தனி அனுமதி அட்டை வேண்டும். படிப்பு முடித்ததால் மட்டும் அந்த அனுமதி வந்துவிடாது. பின்னால் எஃப்-1 மாணவர் விசாவுக்கு மாறும் எண்ணம் இருந்தால் இந்தப் படிப்பு அதற்குக் கைகொடுக்காது. எஃப்-1 மாணவரின் முழுநேரக் கணக்கில் ஒரு செமஸ்டருக்கு ஒரு ஆன்லைன் பாடம், அதாவது 3 கிரெடிட் மட்டுமே சேரும். முழுக்க ஆன்லைன் படிப்புக்கு, மாணவர் விசாவுக்கு வேண்டிய ஐ-20 படிவம் தரமாட்டார்கள்.

இனி எதில் சேர்வது என்ற கேள்வி. முதலில் பார்க்க வேண்டியது உங்கள் மூன்று வருடப் பட்டம். அமெரிக்காவில் இளநிலை நான்கு வருடம். இந்திய மூன்று வருடப் பட்டத்தைச் சில பல்கலைகள் அப்படியே ஏற்கும். சில, அதற்கு மேல் ஒரு முதுநிலையோ டிப்ளமோவோ இருந்தால்தான் ஏற்கும். சில, மதிப்பீட்டு நிறுவனம் ஒன்றின் பாடவாரி அறிக்கை கேட்கும். கூட்டமைப்பு ஒன்றுதான் என்றாலும் சேர்க்கை விதி ஒவ்வொரு பல்கலையின் முதுநிலைப் பள்ளிக்கும் தனி. ஆகவே விண்ணப்பக் கட்டணம் கட்டுவதற்கு முன் இரண்டு மூன்று பல்கலைகளின் முதுநிலைச் சேர்க்கை அலுவலகத்துக்கு மதிப்பெண் பட்டியலின் நகலுடன் மின்னஞ்சல் அனுப்பி, இந்தப் பட்டத்தோடு எடுத்துக்கொள்வீர்களா என்று கேளுங்கள். எழுத்தில் வந்த பதிலைப் பத்திரமாக வையுங்கள்.

அடுத்தது, படிப்பை முடிக்கும் முறை. ஒரே பாடத்திட்டமாக இருந்தாலும் கடைசியில் ஓரிடத்தில் எழுத்துத் தேர்வு இருக்கும், இன்னோரிடத்தில் செயல்திட்டம், வேறோரிடத்தில் ஆய்வேடு கேட்பார்கள். எத்தனை வருடத்துக்குள் முடிக்க வேண்டும் என்ற கெடுவும் மாறும். கைக்குழந்தையோடு ஒரு செமஸ்டருக்கு ஒரு பாடம் எடுப்பவர் கணக்கு போட்டுப் பாருங்கள்: வருடத்துக்கு இலையுதிர், வசந்தம், கோடை என மூன்று பருவம், 12 பாடத்துக்கு நான்கு வருடம். நடுவில் ஒரு பருவம் விட்டால் அதற்கும் மேல்.

கட்டணம் ஒன்றுதான் என்று சொன்னது சரி. மாநிலத்துக்குள் இருப்பவர், வெளியில் இருப்பவர் என்ற பாகுபாடும் இல்லை. ஆனால் ‘பொதுக் கட்டணம்’ என்பது பாடக் கட்டணம். விண்ணப்பக் கட்டணம், பட்டமளிப்புக் கட்டணம் மாதிரி சில்லறைகள் அந்தந்த இடத்துப் பழக்கப்படி வரும். அமெரிக்க மத்திய அரசின் கல்விக் கடன் குடிமக்களுக்கும் கிரீன் கார்டு உள்ளவர்களுக்கும் வேறு சில வகையினருக்கும்தான் என்பதால் எச்-4இல் அதை எதிர்பார்க்க வேண்டாம்.

ஓரிடத்தில் சேர்ந்து இன்னோர் இடத்துப் பாடத்தைப் படிப்பது நடைமுறையில் எப்படி நடக்கிறது? எதில் சிக்கல் வரும்?
— வாசகர், மதுரை

பதிவு, கட்டணம், மதிப்பெண் பட்டியல் எல்லாம் நீங்கள் சேர்ந்த பல்கலையில். வகுப்பு, அசைன்மென்ட், தேர்வு எல்லாம் பாடம் நடத்தும் பல்கலையில். இரண்டுக்கும் நடுவில் ஒரு பொதுத் தரவுத்தளம் இருக்கும். நீங்கள் சேர்ந்த இடத்தில் பாடத்துக்குப் பதிவு செய்ததும் உங்கள் பெயர் அதன் வழியாக நடத்தும் பல்கலைக்குப் போகும். அவர்கள் உங்களுக்கு ஒரு மாணவர் எண்ணும் லாகினும் உருவாக்குவார்கள். பருவ முடிவில் கிரேடு அதே வழியில் திரும்பி வந்து உங்கள் பட்டியலில் ஏறும். அது வேறிடத்திலிருந்து மாற்றிக்கொண்ட கிரெடிட்டாக ஏறாது, சேர்ந்த பல்கலையின் சொந்தப் பாடமாகவே ஏறும். இந்த ஏற்பாட்டின் பெரிய பலம் இது.

சிக்கல்கள் முக்கால்வாசி இந்தக் கைமாற்றத்தில்தான். இரண்டு பல்கலைகளின் நாட்காட்டி ஒத்துப்போகாது. உங்கள் இடத்தில் செமஸ்டர் அடுத்த திங்கள் தொடங்கும். நடத்தும் இடத்தில் இந்தத் திங்களே தொடங்கியிருக்கும். வசந்த விடுமுறையும் இரண்டு இடத்தில் வெவ்வேறு வாரம். நடத்தும் பல்கலையின் தேதிதான் வகுப்புக்குச் செல்லும் என்று எழுதி ஒட்டிக்கொள்ளுங்கள்.

லாகின் விவரம் பெரும்பாலும் பல்கலை தந்த மின்னஞ்சலுக்குத்தான் வரும். ஜிமெயிலை மட்டும் பார்த்துக்கொண்டிருப்பவர் முதல் வாரத்தைக் கோட்டை விடுவார். வகுப்புத் தளமும் இடத்துக்கு இடம் மாறும்: ஒரு பல்கலையில் கேன்வாஸ், இன்னொன்றில் வேறு. ஒரே பருவத்தில் இரண்டு பாடம் எடுத்தால் இரண்டு தளம், இரண்டு கடவுச்சொல், இரண்டு அறிவிப்புப் பலகை.

இந்தியாவிலிருந்து படிப்பவருக்கு நேரக் கணக்கு தனித் தலைவலி. அசைன்மென்டுக்குக் கெடு இரவு 11.59 என்றால் எந்த ஊர் 11.59? அமெரிக்க மத்திய நேரத்தில் கோடையில் அது நமக்கு மறுநாள் காலை 10.29, நவம்பர் முதல் ஞாயிறு அவர்கள் கடிகாரத்தைப் பின்னால் திருப்பியதும் 11.29 ஆகிவிடும். அதில் ஒரு மணி நேரம் லாபம். மார்ச் இரண்டாவது ஞாயிறு அது பறிபோகும். கெடு தவறுவது பெரும்பாலும் அந்த வாரம்தான். மலைப்பகுதி நேரத்தில் இயங்கும் மொன்டானா மாதிரி இடத்துப் பாடம் என்றால் இன்னும் ஒரு மணி நேரம் கூட்டிக்கொள்ளுங்கள். மத்திய நேரப்படி மாலை 7 மணி நேரலை வகுப்பு நமக்குக் கோடையில் காலை 5.30, குளிரில் 6.30.

பாடத்தைக் கைவிடுவதில் கவனம் தேவை. ஆசிரியரிடம் ‘விலகுகிறேன்’ என்று எழுதினால் போதாது. சேர்ந்த பல்கலையின் பதிவாளர் தளத்தில் விலக வேண்டும். இல்லாவிட்டால் கட்டணமும் போகும், எஃப் கிரேடும் ஏறும். இரண்டு இடத்திலும் கடைசித் தேதி வேறாக இருந்தால், எது முந்தியதோ அதையே கெடுவாக வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று, பாடச் சுழற்சி. பல பாடங்கள் வருடத்துக்கு ஒரு முறைதான் நடக்கும். கடைசி வருடத்தில் ஒரு கட்டாயப் பாடம் கைநழுவினால் அந்த ஒரு பாடத்துக்காகப் பட்டம் ஒரு வருடம் தள்ளிப்போகும். சேர்ந்த முதல் வாரமே ஒருங்கிணைப்பாளரிடம் இரண்டு வருடச் சுழற்சி அட்டவணையை வாங்கி, எந்தப் பாடம் எந்தப் பருவத்தில் என்று குறித்துவிடுங்கள். பட்டம் வாங்கும் பருவத்தில் வெளியிடத்துப் பாடம் எடுக்காமல் இருந்தால் நல்லது. கிரேடு திரும்பிவரச் சில நாள் பிடிக்கும். பட்டமளிப்புப் பட்டியல் அதற்காகக் காத்திருக்காது.

கட்டணத்தை மாணவர் ஓரிடத்தில் கட்டுகிறார், பாடத்தை வேறிடம் நடத்துகிறது. பணத்தை எப்படிப் பிரிக்கிறார்கள்?
— வணிகவியல் பேராசிரியர், சேலம்

முன்கூட்டி எழுதிவைத்த விகிதப்படி. பாடம் நடத்தும் இடத்துக்குப் பெரும்பங்கு. சேர்க்கை, ஆலோசனை, பட்டம் ஆகியவற்றைப் பார்க்கும் இடத்துக்குச் சிறு பங்கு. பொது அலுவலகத்துக்குச் சிறு பங்கு. ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். தொகையும் விகிதமும் உதாரணத்துக்குத்தான். கிரெடிட்டுக்கு 600 டாலர் என்றால் ஒரு பாடம் 1,800 டாலர். வகுப்பில் 20 பேர்: 36,000 டாலர். முக்கால் பங்கு நடத்தும் இடத்துக்கு என்றால் 27,000. மிச்சம் 9,000இல் பாதி மாணவர்கள் சேர்ந்த பல்கலைகளுக்கு, பாதி பொது அலுவலகத்துக்கு.

இந்த விகிதத்தில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. சேர்க்கும் இடத்துக்கு அதிகம் கொடுத்தால் எல்லோரும் ஆள் பிடிப்பார்கள். பாடம் எழுத ஆள் கிடைக்காது. நடத்தும் இடத்துக்கு மொத்தமும் கொடுத்தால் சேர்க்கை அலுவலகத்தில் போனை எடுக்க யாருக்கும் அக்கறை இருக்காது.

பொதுக் கட்டணம் ஏன் அவசியம் என்பதும் இங்கேதான் புரியும். ஒரே வகுப்பில் ஒருவர் 400 டாலர், இன்னொருவர் 1,000 டாலர் என்று கட்டினால், மாணவர்கள் எல்லோரும் மலிவான இடத்தில் குவிந்துவிடுவார்கள். மற்ற பல்கலைகள் கழன்றுகொள்ளும். ஆனால் பொதுக் கட்டணத்துக்கு ஒவ்வொரு பல்கலையின் நிர்வாகக் குழுவும் தன் வழக்கமான கட்டண விதியிலிருந்து விலக்கு தர வேண்டும். பல கூட்டு முயற்சிகள் இந்த ஒரு கையெழுத்துக்காகவே வருடக்கணக்கில் இழுபடுகின்றன.

தமிழ்நாட்டில் கல்வெட்டியலுக்கு ஒவ்வொரு பல்கலையிலும் விரல்விட்டு எண்ணும் ஆசிரியர்களே இருக்கிறோம். மூன்று பல்கலைகள் கூடி ஆன்லைனில் எம்.ஏ. நடத்த இன்றைய விதி இடம் தருமா? எங்கிருந்து தொடங்குவது?
— பேராசிரியர், தஞ்சாவூர்

பொருத்தமான துறையைத்தான் எடுத்திருக்கிறீர்கள். விதி நேராகக் கதவைத் திறந்து வைத்திருக்கவில்லை. ஆனால் சன்னல் இருக்கிறது.

மாணவர் பல இடங்களில் ஈட்டும் கிரெடிட்டைச் சேர்த்துவைக்கும் கிரெடிட் வங்கி பற்றி யுஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) 2021இல் கொண்டுவந்த விதிப்படி, பட்டம் தரும் நிறுவனத்தில் குறைந்தது 50 விழுக்காடு கிரெடிட் ஈட்ட வேண்டும். மீதியை வங்கியில் பதிவான மற்ற நிறுவனங்களில் ஈட்டலாம். வங்கியில் சேர்ந்த கிரெடிட் அதிகபட்சம் 7 வருடம் உயிரோடு இருக்கும். இரண்டு வருட முதுநிலைக்கு 80 கிரெடிட் என்று வைத்தால், 40 சேர்ந்த இடத்தில், மற்ற இரண்டிலும் இருபது இருபது. தாளுக்கு 4 கிரெடிட் என்றால் வெளியிலிருந்து வருவது ஆளுக்கு ஐந்து தாள். அமெரிக்கக் கூட்டில் ஒவ்வொருவரும் ஓரிரு பாடம் நடத்தினால் போதும். இங்கே ஒவ்வொரு பல்கலையும் பத்துத் தாளைச் சொந்தமாகத் தாங்கியாக வேண்டும். ஆசிரியர் பற்றாக்குறைக்கு இது பாதி மருந்துதான். மத்திய அரசின் ஆன்லைன் பாடத் தளமான ஸ்வயத்தில் பாடத்தை ஏற்றுவது இன்னொரு வழி. ஒரு பருவத்தின் பாடங்களில் 40 விழுக்காடு வரை அதிலிருந்து எடுத்துக்கொள்ள 2021ஆம் ஆண்டின் ஸ்வயம் விதி அனுமதிக்கிறது.

முழுப் படிப்பையும் ஆன்லைன் என்று அறிவிக்க வேண்டுமானால் 2020ஆம் ஆண்டின் திறந்தநிலை, ஆன்லைன் விதிகளின்படி அந்தப் பல்கலைக்கு யுஜிசி அனுமதி வேண்டும். தர மதிப்பீட்டு அமைப்பான நாக் தந்த மதிப்பெண், தேசியத் தரவரிசை பார்த்துத்தான் அது கிடைக்கும். கூட்டாளி மூவரில் ஒருவருக்கு மட்டும் அனுமதி இருந்தால் சேர்க்கையும் பட்டமும் அந்த ஒருவரிடம்தான். மாணவர் ஒவ்வொருவரும் யுஜிசியின் தொலைநிலைக் கல்விப் பிரிவு தரும் அடையாள எண்ணான டெப் ஐடி எடுக்க வேண்டும் என்ற விதி 2024–25 முதல் இருக்கிறது. வெளிநாட்டுப் பல்கலையைக் கூட்டுச் சேர்க்கும் எண்ணம் இருந்தால் இப்போதைக்குத் தள்ளிவையுங்கள்: கூட்டுப் பட்டம், இரட்டைப் பட்டத்துக்கு வழிவிட்ட 2022ஆம் ஆண்டு விதிகள் ஆன்லைன், தொலைநிலைப் படிப்புகளுக்குப் பொருந்தாது என்று அவற்றிலேயே இருக்கிறது.

தொடங்குவது பாடத்திட்டத்திலிருந்து அல்ல. நம் ஊரில் முதல் கூட்டத்திலேயே தாள் பெயர்களைப் பற்றிச் சண்டை ஆரம்பித்துவிடும். அதை ஆறு மாதம் கழித்து வைத்துக்கொள்ளலாம். முதல் கூட்டத்தில் மூன்று பதிவாளர்கள், மூன்று நிதி அலுவலர்கள், மூன்று தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலர்கள் உட்கார வேண்டும். கட்டணம் எவ்வளவு, யார் பங்கு எவ்வளவு, எந்தத் தேதிக்குள் மாற்றுவது. தாள் திருத்துவது யார், மறுமதிப்பீட்டு விண்ணப்பம் யாரிடம், முடிவு எத்தனை நாளில். வேறு பல்கலை மாணவருக்குப் பாடம் எடுத்தால் அது ஆசிரியரின் பணிநேரத்தில் சேருமா, கூடுதல் ஊதியமா. இவற்றை எழுதிக் கையெழுத்து வாங்கிய பிறகு பாடத்திட்டத்துக்கு வாருங்கள்.

கிரேடு மாற்றத்தையும் அப்போதே முடித்துவிடுங்கள். கேன்சஸ் மாநிலப் பல்கலையில் ஏ, பி, சி என்று முழு எழுத்து மட்டும்; அயோவா மாநிலப் பல்கலையில் ஏ மைனஸ், பி பிளஸ் எல்லாம் உண்டு. ஒருவர் கொடுத்த ஏ மைனஸ் இன்னொருவர் பட்டியலில் என்னவாகும்? மாணவர் வந்து கேட்கும்போது முடிவு செய்தால் அது வழக்கில்தான் போய் நிற்கும். உங்கள் மூன்று பல்கலைகளிலும் தேர்ச்சி மதிப்பெண்ணும் அகமதிப்பீட்டு விகிதமும் ஒன்றுதானா என்று இன்றைக்கே பாருங்கள்.

உங்கள் பாடத்துக்கென்றே ஒரு சிக்கல் உண்டு: கல்வெட்டைத் தாளில் நகலெடுக்கும் மைப்படி எடுப்பதை ஆன்லைனில் சொல்லித்தர முடியாது. கல்லைக் கழுவி, ஈரத் தாளை ஒட்டி, தூரிகையால் தட்டி எழுத்தின் குழிக்குள் தாளை இறக்கி, அது காயும் பக்குவம் பார்த்து மை ஒற்றுவது கைப்பழக்கம். ஈரம் அதிகமாக இருக்கும்போதே மை ஒற்றினால் எழுத்தெல்லாம் அப்பிக்கொள்ளும். அதற்கு ஒரு நேரடி முகாமை ஒதுக்கி, எந்தப் பல்கலை, எந்தக் கோயில், யார் அனுமதி வாங்குவது, முகாமின் கிரெடிட் யார் கணக்கில் என்பதையும் ஒப்பந்தத்தில் எழுதுங்கள். பிராமி, வட்டெழுத்து, கிரந்தம் வாசிப்பு, சொற்களஞ்சியம், அரசியல் வரலாறு இவையெல்லாம் திரையில் நன்றாகவே நடக்கும்.

வெளிநாட்டு ஆன்லைன் முதுநிலை இங்கே அரசு வேலைக்குச் செல்லுமா? பி.எச்டி. சேரலாமா?
— வாசகி, திருச்சி

செல்லும் என்று நம்பிப் பணம் கட்ட வேண்டாம். அரசுப் பணிக்கும் பல்கலைச் சேர்க்கைக்கும், அந்தப் பட்டம் இந்தியப் பட்டத்துக்கு இணை என்ற சமநிலைச் சான்று கேட்பார்கள். 2025இல் வந்த விதிகளுக்குப் பிறகு அதை யுஜிசியிடம் விண்ணப்பித்துப் பெற வேண்டும். தனியார் வேலைக்கு இது பெரிய தடை இல்லை. வேலை தருபவர் ஏற்றால் போதும். இந்தியாவின் எட்டெக் (கல்வித் தொழில்நுட்ப) நிறுவனங்கள் வெளிநாட்டுப் பல்கலையோடு சேர்ந்து ஆன்லைன் பட்டம் தருவதாக விளம்பரம் செய்வதைப் பற்றி யுஜிசி 2023 டிசம்பரிலேயே எச்சரித்திருக்கிறது. அந்த மாதிரி ‘ஃபிரான்சைஸ்’ ஏற்பாட்டுக்கு அனுமதி இல்லை. கிரேட் ப்ளெயின்ஸ் போன்ற கூட்டு அந்த வகை அல்ல. பட்டம் தருவது அங்கீகாரம் பெற்ற பல்கலையே. ஆனால் அது உண்மையான பட்டமா என்பதும், இங்கே சமநிலை கிடைக்குமா என்பதும் வேறு வேறு கேள்விகள்.

டேட்டா சயின்ஸில் இப்படிக் கூட்டுப் படிப்பு உண்டா?
— வாசகர், கோயம்புத்தூர்

உண்டு. விஸ்கான்சின் மாநிலத்தில் கிரீன் பே, லா கிராஸ், ஓ கிளேர் முதலிய அரசு வளாகங்கள் கூடி 2015 முதல் நடத்துகிறார்கள். 12 பாடம், 36 கிரெடிட். ஒரு வளாகத்தைத் தேர்ந்து சேர்ந்தால் அதன் பெயரில் பட்டம். எல்லாமே ஒரே மாநில அமைப்பின் கீழ் இருப்பதால் மேலே சொன்ன பணப்பிரிப்பு, நாட்காட்டித் தகராறுகள் குறைவு. அந்த அமைப்பின் முதன்மை வளாகமான மேடிசன் இதில் இல்லை. விஸ்கான்சின் என்றதும் அதை நினைத்துச் சேர்ந்துவிடாதீர்கள்.

நடுவில் ஒரு பல்கலை கூட்டிலிருந்து விலகிவிட்டால் மாணவர் கதி என்ன?
— வாசகர், புதுச்சேரி

விலகியது பாடம் நடத்தும் பல்கலை என்றால் அதன் பாடத்தை வேறொருவர் எடுத்துக்கொள்வார், அல்லது மாற்றுப் பாடம் தருவார்கள். ஒரு பருவம் தாமதமாகலாம். விலகியது நீங்கள் சேர்ந்த பல்கலையே என்றால் விஷயம் பெரிது. புதுச் சேர்க்கையை நிறுத்திவிட்டு, ஏற்கெனவே சேர்ந்தவர்களை ஒரு கெடுவுக்குள் முடிக்க வைப்பது வழக்கம். அந்தக் கெடு உங்கள் வேகத்துக்குப் போதாமல் போகலாம். இன்னோர் உறுப்புப் பல்கலைக்கு மாறினால் பாடத்திட்டம் பொது என்பதால் படித்தது வீணாகாது. ஆனால் அங்கே புதிதாக விண்ணப்பிக்க வேண்டும். எத்தனை கிரெடிட்டை மாற்றிக்கொள்வார்கள் என்பதற்கும் உச்சவரம்பு இருக்கும். சேர்வதற்கு முன் ஒருங்கிணைப்பாளரிடம் இதைக் கேட்டு எழுத்தில் வாங்குங்கள். ஒவ்வொரு பருவ முடிவிலும் பாட விவரத் தாளையும் உங்கள் அசைன்மென்டுகளையும் சொந்தக் கணினியில் இறக்கி வையுங்கள். பாடம் முடிந்து சில வாரங்களில் நடத்தும் பல்கலை லாகினை மூடிவிடும்.